தலைக்கு மேல் இருந்த கற்கள்

“வீட்ல ஆம்பள யாரும் இல்லையா?” என்று கேட்டான் முதலில் வந்த காண்ட்ராக்டர். இந்தியில்தான் கேட்டான். வாசலில் நின்று, என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

நான் சுவரைக் காட்டினேன். அப்பாவின் போட்டோ மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. “இருக்காரு. அவருகிட்டயே பேசிக்கோங்க” என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து போட்டோவுக்கு ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிடு முடிவதற்குள் அதே சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே மரம் மாதிரி ஒரு பேனல் ஒட்டினால் போட்டோ எடுப்பாகத் தெரியும் என்றான்.

போட்டோ எடுப்பாகத் தெரிவதற்கு நான் ஆளைக் கூப்பிடவில்லை. காற்று அடித்தால் கூரை எழும்பக் கூடாது. பூமி ஆடினால் சுவர் எங்கள் மேல் சாயக் கூடாது. இந்த இரண்டைத்தான் போனில் சொன்னேன். நேரில் இன்னொரு தடவை சொன்னேன். அவன் தலையை நன்றாக ஆட்டிக் கேட்டுவிட்டு, “ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம். அப்புறம் மேல பத்ரா இருக்கிறதே தெரியாது” என்றான்.

“தெரியலன்னா பறக்காதா?”

“பறந்தாலும் உள்ள இருந்து பாத்தா தெரியாதே” என்றான். அதை அவன் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தகரக் கூரையை இங்கே எல்லோரும் பத்ரா என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான். எங்கள் வீடு பூனாவில், போபோடி என்கிற இடத்தில், ரயில் பாதையை ஒட்டின சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையல் இடம், குளிக்கவும் துவைக்கவும் மூலையில் சின்னத் தொட்டி மாதிரி கட்டிய ஒரு மோரி. செங்கல் சுவர். மேலே பத்ரா. அப்பா கண்டோன்மெண்டில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இங்கேதான்.

எங்கள் சந்தில் பத்ராவை யாரும் சரியாக அடிக்க மாட்டார்கள். கம்பி வைத்து ஏதோ கட்டுவார்கள், அதற்கு மேல் கல்லை வைப்பார்கள். கல்தான் ஆணி, கல்தான் சிமெண்டு, கல்தான் இன்சூரன்ஸ். கோடை உச்சிக்கு வந்ததும், மழைக்கு முன்னால் வருகிற அந்தப் பைத்தியக்காரக் காற்றுக்குப் பயந்து, ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் மேலே ஏறிக் கல்லை நகர்த்தி வைத்து, புதுக் கல் சேர்த்து, இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பான். உடைந்த ஆட்டுக்கல், பழைய டயர், தண்ணீர் நிரப்பின கேன், எல்லாம் மேலே போகும். கீழே இருந்து பார்த்தால் வீடுகளின் மேல் இன்னொரு குப்பைமேடு குடியிருப்பது போல இருக்கும். அதைப் பத்திரம் என்று நம்பி நாங்கள் எல்லோரும் அடியில் பாய் விரித்துப் படுத்தோம்.

அப்பாவும் வைத்தார். ஆற்றோரத்திலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த கற்கள். நல்ல கற்களாகப் பொறுக்குவார், பழம் பொறுக்குவது மாதிரி.

போன வருஷம் அந்தக் காற்று சாயங்காலமாக வந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டு எழுந்து போனார். சைக்கிளை நிமிர்த்தக் குனிந்தார். மேலே பத்ராவின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. அதன் மேல் இருந்த கல் உருண்டு வந்தது. அவ்வளவுதான். கதை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர் பொறுக்கிக் கொண்டுவந்த கல், அவர் கழுத்துக்கு மேலே விழுந்தது.

அம்மா அவரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் வீட்டில் இருந்தேன், ஏனென்றால் கூரையில் பாதி இல்லை, மழை பிடித்துக்கொண்டது, சாமான் எல்லாம் நனைந்தது. அப்போது சந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நல்ல மனசு. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தில் எல்லோரும் பாவ் என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் மாதிரி. அவர்தான் மேலே ஏறினார். பத்ராவைப் பிடித்து இழுத்து இடத்தில் போட்டார்கள். பிறகு கல். கீழே விழுந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாக மேலே கொடுத்தார்கள். ஒரு கல்லை மட்டும் ஒருவர் குழாயடியில் கழுவினார். கழுவி, மேலே நீட்டினார். பாவ் வாங்கி வைத்தார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். என்ன சொல்வது? அவர்களுக்கு அது கல். கூரைக்குக் கல் வேண்டும். மழை பெய்கிறது.

அன்றைக்கு அப்பாவைக் கொண்டுவந்து அந்தக் கூரைக்குக் கீழேதான் கிடத்தினோம்.

அதற்குப் பிறகு வந்த சொந்தங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. எல்லோரும் ஒரே வார்த்தையை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். விதி. நிக்டியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். மாமாவுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. காலனியில் சொந்த வீடு. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

“விதிம்மா. நம்ம கையில என்ன இருக்கு” என்றார்.

“விதி கூரை மேல ஏறி கல்லு வெக்கல மாமா” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்து, “வாயப் பாரு, இந்த நேரத்துலயும்” என்றாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொன்ன அவள் வாயும் அதே நேரத்தில்தான் திறந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுச் சந்து முனைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு மாவு மில் இருக்கிறது, மேலே கான்கிரீட் சிலாப் போட்ட கட்டிடம். அதன் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அடுப்பில் சோறு தீயும். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கும், வீட்டில் நாய் படுத்திருக்கும். மில்காரன் முதலில் பாவம் பார்த்தான். பிறகு, “அம்மாவை உள்ளே வெச்சிக்க மாட்டியா? கிராக்கி வர்ற எடம்” என்றான்.

அடுத்த காற்றுக் காலம் வருவதற்குள் இந்த வீட்டைக் கட்டிப்போட வேண்டும், அம்மா வீட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று எல்லா காண்ட்ராக்டர்களும் கேட்டார்கள். எது வரைக்கும் படித்திருக்கிறாய் என்றும் சேர்த்துக் கேட்டார்கள். நான் ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். வண்டிக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுகட்டாகச் சேர்க்கிற வேலை. ஒயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்து மெஷினில் அமுக்குவோம். அமுக்கினால் முடிந்துவிடாது. இழுத்துப் பார்ப்பார்கள். கையோடு வந்துவிட்டால் அது குப்பை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். கம்பெனி பஸ்ஸில் போக வர ரொம்ப நேரம் ஆகும். அதில் போனில் வீடியோ பார்ப்பேன். காற்றிலும் பூகம்பத்திலும் வீடு எப்படி நிற்கும் என்று ஒருத்தன் செருப்பு டப்பாவை வைத்துக் காட்டினான். மூடி டப்பாவைப் பிடித்திருக்க வேண்டும். டப்பாவின் நாலு பக்கமும் ஒன்றை ஒன்று பிடித்திருக்க வேண்டும். மேலே கனம் ஏற்றக் கூடாது, ஆடும்போது கனம்தான் கொல்லும். இதைப் புரிந்துகொள்ள எட்டாவது போதும். காண்ட்ராக்டர்களுக்கு மட்டும் போதவில்லை.

மாமா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “பெரிய பார்ட்டிம்மா, பில்டிங்கே கட்றவரு. எனக்காக வந்திருக்காரு” என்றார். பெரிய பார்ட்டி காரைச் சாலையில் விட்டுவிட்டு, பளபள ஷூவைச் சாக்கடையில் படாமல் எடுத்து எடுத்து வைத்து வந்தார். ஷூவை வாசலில் கழற்றினார். சாக்ஸோடு உள்ளே வந்து உட்கார்ந்து மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், டாக்டர் மாதிரி.

“பத்ராவ எடுத்துடுங்க. சிலாப் போட்டுடலாம். அதுக்கு மேல ரெண்டு ரூம் எடுத்தா வாடகை வரும்” என்றார்.

“இந்தச் சுவரு தாங்குமா?”

“ஹோ ஜாயேகா” என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். இந்த ஊரில் ஆகவே ஆகாத வேலைகளுக்கெல்லாம் இந்த வார்த்தைதான் அட்வான்ஸ்.

“பூமி ஆடினா?”

அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். “பூனாவுல எங்கம்மா பூகம்பம் வருது? இவ போன்ல கண்டதப் பாத்துட்டுப் பயப்படறா” என்றார் மாமா.

அம்மா டீ கொடுத்தாள். பெரிய பார்ட்டி ஒரு வாய் குடித்திருப்பார். அலமாரியில் இருந்த ஸ்டீல் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிணுகிணுவென்றன. அப்பாவின் போட்டோ சுவரில் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. மேலே இருந்து மண் உதிர்ந்து நேராக அவர் டீயில் விழுந்தது.

நான் கண்ணை நிமிர்த்துவதற்குள் வாசல் அடைத்துக்கொண்டது. பெரிய பார்ட்டி அம்மாவின் காலை மிதித்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மாமா. ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு ஒரே கதவில் இரண்டு பேரும் வெளியே போனார்கள். உள்ளே நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா எழுந்து போய்ப் போட்டோவைக் கையால் பிடித்துக்கொண்டாள். அதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. சின்ன ஆட்டம்தான். கொய்னா அணைப் பக்கம் அடிக்கடி ஆடும் என்று பிறகு பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்தேன். பெரிய பார்ட்டி சாக்ஸோடு சாக்கடையில் நின்றிருந்தார்.

“லாரி போயிருக்கும்” என்றார்.

“இந்தச் சந்துல ஆட்டோவே வராது சார்.”

“அப்ப ரயிலா இருக்கும்” என்றார் மாமா.

“பொறந்ததுல இருந்து ரயில் சத்தத்துலதான் தூங்கறோம் மாமா. ஒரு தடவையும் நாங்க எழுந்து ஓடுனதில்ல.”

பெரிய பார்ட்டி உள்ளே வரவே இல்லை. “பேட்டா, அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுத்துடு” என்றார், பெற்ற மகளைக் கூப்பிடுவது மாதிரி. கொடுத்தேன். மீதி டீயை மோரியில் ஊற்றினேன். மாமா அதற்குப் பிறகு ரொம்ப நாள் போன் செய்யவில்லை. அது ஒன்றுதான் அந்த ஆட்டத்தால் எனக்குக் கிடைத்த லாபம்.

அடுத்து வந்தவர்தான் என்னைச் சரியாக ஏமாற்றினவர். ஏனென்றால் அவர் நம்மாள்.

ஆடி மாசக் கூழ் ஊற்றும் இடத்தில் யாரோ அம்மாவிடம் அவர் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். வந்தார். நெற்றியில் விபூதி. கதவுக்குள் கால் வைக்கும்போதே, “எந்த ஊரும்மா நீங்க?” என்றார். அம்மா சொன்னாள். “அட, நம்ம பக்கம்தான்!” என்றார். அம்மா வேலூர் என்று சொல்லியிருந்தாலும், மதுரை என்று சொல்லியிருந்தாலும் அவருக்கு நம்ம பக்கமாகத்தான் இருந்திருக்கும். அப்பாவின் போட்டோ முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார். இத்தனை நாளில் அம்மா யாருக்காகவும் தோசை சுட்டதில்லை. அவருக்குச் சுட்டாள்.

“நல்லவேளம்மா, மராட்டிக்காரன்கிட்ட போயி மாட்டாம இருந்தீங்க. மொட்ட அடிச்சிருப்பான்” என்றார், மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே.

நான் சொன்னதை எல்லாம் கேட்டார். போல்ட் போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும், மூலைக்கு மூலை கம்பி வலை வைத்துப் பூச வேண்டும், கல்லை எடுக்க வேண்டும். “எல்லாம் பண்ணிடலாம் தங்கச்சி. ஆனா கல்லு இருக்கட்டுமே. போல்ட்டும் இருக்கும், கல்லும் இருக்கும். டபுள் சேஃப்டி” என்றார்.

அம்மா உடனே, “ஆமா, கல்லு இருக்கட்டும். அவரு வெச்சது” என்றாள்.

அங்கேயே நான் பேசியிருக்கலாம். ஆனால் அம்மா ஒருவரோடு சிரித்துப் பேசி எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

நான் கம்பெனிக்குப் போன நாளில் அவர் ஆட்களோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தேன். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வரிசையாகப் போல்ட் தலைகள். மூலைகளில் புதுப் பூச்சு, சுண்ணாம்பு அடித்து அழகாக இருந்தது. அம்மா பெருமையாக, “பாத்தியா? நம்ம ஜனம் நம்ம ஜனந்தான்” என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒரு போல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை, கம்பெனியில் செய்வதுதான். பால்பல் மாதிரி கையோடு வந்தது. அடியில் சிமெண்டு இல்லை, பெயிண்ட்டுக்கு முன்னால் சுவரில் பூசுகிற வெள்ளைப் புட்டிதான் ஒட்டியிருந்தது. அடுத்ததை இழுத்தேன். அதுவும் வந்தது. மூலைப் பூச்சை ஸ்பூனால் சுரண்டினேன். உள்ளே வலை இல்லை. பழைய சுவர் பழைய மாதிரியே இருந்தது, மேலே பவுடர் பூசிக்கொண்டு.

போன் செய்தேன். “தங்கச்சி, நீ ஏன் இழுத்த?” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். “இழுக்காம இருந்திருந்தா நல்லாத்தான இருந்திருக்கும்?”

“காத்து இழுக்காதாண்ணே?”

“காத்து போல்ட்டப் புடிச்சா இழுக்கும்? நீ வேற.”

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அம்மா தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டே, “நம்ம பேச்சு பேசினாரேடீ” என்றாள்.

“தமிழ்ல ஏமாத்துனா வலிக்காதாம்மா?”

வெளியே காற்று கொஞ்சம் எழும்பியது. தோசைக்கல்லை அப்படியே போட்டுவிட்டு மாவு மில் படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் வந்தவன் காண்ட்ராக்டரே இல்லை. மெயின் ரோட்டில் ஜன்னல் கிரில் செய்கிற வெல்டர். மராட்டிக்காரன். வாயில் எப்போதும் குட்கா. அவனுக்காக நான் ஒன்றும் பரிந்து பேசப்போவதில்லை. சொன்ன நாளில் ஒரு நாளும் வந்தது கிடையாது. கடைக்குப் போய் நின்றால் வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் பேசுவான். ஆனால் வீட்டுக்கு வந்தபோது உள்ளே வரவில்லை, ஊர் கேட்கவில்லை, டீ கேட்கவில்லை, போட்டோவைக் கும்பிடவில்லை. வெளியே நின்று கூரையைப் பார்த்துத் துப்பினான்.

“முதல்ல கல்ல எறக்கு. அப்புறம் நான் ஏறறேன்” என்றான்.

“நீங்களே எறக்கிடுங்களேன்.”

“நான் எதுக்கு? அதுக்கு அடியில படுக்கறது நீ. என் தலையும் தலதான்.”

“செஞ்சு குடுத்தா கேரண்டி உண்டா?”

“கேரண்டி கேக்கறதா இருந்தா ஃபேன் வாங்கு.”

“நான் ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பாப்பேன்.”

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். “இழு. கை வலிக்கிற வரைக்கும் இழு. வந்துச்சுன்னா காசு குடுக்காத” என்றான்.

இவ்வளவு கேவலமாகப் பேசுகிறவன் பொய் சொல்ல மெனக்கெட மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. இவனிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் கல்.

“கல்ல யாரும் தொடக் கூடாது” என்றாள் அம்மா. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏம்மா? காத்தடிச்சா நீதான ஓடற? அந்தக் கல்லுக்குப் பயந்துதான ஓடற?”

“ஓடறேன். அதுக்கு? அவரு கை பட்டது இந்த வூட்ல வேற என்னா இருக்குது? சட்டையெல்லாம் குடுத்தாச்சு. சைக்கிள உங்க மாமா எடுத்துட்டுப் போயிட்டாரு. கல்லுதான் இருக்குது. அவரு வெச்ச எடத்துல அவரு வெச்ச மாதிரி இருக்குது.”

“அவரு வெச்ச மாதிரி இல்ல.”

“என்னாடீ?”

எனக்கு அப்போது வாயை அடக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. “நீ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எல்லாத்தையும் பாவ்தான் திரும்ப மேல வெச்சாரு. கீழ விழுந்ததெல்லாம் மேல போச்சு. எல்லாம்னா எல்லாம். ஒண்ணக் கொழாயில கழுவி வெச்சாங்க. அப்பா கை பட்ட கல்லுன்னு சொல்றியே, அதுல ஒண்ணுல அவரு தலையும் பட்டிருக்குது. அதுக்குக் கீழதான் தெனம் படுக்கறோம்.”

அம்மாவின் கையிலிருந்த தேங்காய் நார் அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய் மூடினேன்.

“எது?” என்றாள்.

“தெரியலம்மா. எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது.”

மறுநாள் காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் குரல் வெளியே கேட்டது. ஒரு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பாவின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கோபத்தில் பேசினால் மராட்டி, இந்தி, தமிழ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். எல்லோருக்கும் புரியும்.

“நீதான மேல வெச்ச? நீயே எறக்கு!”

பாவ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லாக ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தார். நான் ஏணியில் பாதியில் நின்று வாங்கினேன். கீழே அம்மா வாங்கிச் சுவரோரமாக அடுக்கினாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழை ஒரு வருஷமாகக் கழுவின கல்லில் என்ன இருக்கும்? ஆனாலும் பார்த்தாள்.

எல்லாம் இறங்கியதும் பாவ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுக்கைப் பார்த்தார். அவர் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“வஹினி” என்றார். அண்ணிக்கு மராட்டியில் அப்படித்தான் சொல்வார்கள். “நல்ல கல்லு. ஒங்களுக்கு வேணாம்னா நான் எடுத்துக்கவா? என் பத்ராவும் இந்த வருஷம் ஆடுது.”

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “எதுக்கு? உன் பொண்டாட்டியும் என்ன மாதிரி மில்லு படியில வந்து ஒக்காரணுமா? இந்தக் கல்லு ஒரு ஆளக் கொண்டுபோனது போதாதா? போ, போயி டீ குடி!”

பாவின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள், பிறகு உள்ளே போனாள். பாவ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கழுவிக் கொடுத்த கல்லை வாங்கி வைத்ததை அவர் மறந்தே போயிருப்பார். உதவி செய்கிறவர்களுக்கு எல்லாம் மறந்துவிடும். அவர் கூரையில் இன்றைக்கும் கல்தான் இருக்கிறது. டயரும் இருக்கிறது.

வெல்டர் வந்தான், தன் இஷ்டத்துக்கு வந்தான். சுவரின் மேல் விளிம்பைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் இரும்புப் பட்டை வைத்து, சுவரைத் துளைத்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினான். பத்ராவுக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாய்களை அந்தப் பட்டையோடு பிடித்தான். பத்ராவைக் கொக்கிப் போல்ட்டால் குழாயோடு கவ்வவிட்டான். ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து மூலைகளைக் கொத்தி, வலையை ஆணியடித்துப் பூசவைத்தான். அன்றைக்கு நான் லீவு போட்டேன். வலையை என் கண்ணால் பார்த்த பிறகுதான் சிமெண்டைத் தொடவிட்டேன். மேஸ்திரி முணுமுணுத்தான். வெல்டிங் பொறி பட்டு எங்கள் திரை கருகிவிட்டது. பெயிண்ட்டைப் பாதிப் பட்டைக்கு அடித்துவிட்டு மீதியை நாளைக்கு என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை, அந்தப் பாதி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாப் போல்ட்டையும் இழுத்தேன். ஒன்று மட்டும் சுற்றியது. அவனைக் கடையிலிருந்து இழுத்து வந்து காட்டினேன். கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறித் திரும்பப் போட்டான். என்னைத் திட்டினானா, போல்ட்டைத் திட்டினானா தெரியாது. எனக்குக் கவலையும் இல்லை.

காற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தது. முதலில் புழுதி. பிறகு யாரோ காயவைத்த துணி ஒன்று சந்தில் பறந்து போனது. அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

“மா” என்றேன்.

அவள் நிலைப்படியில் நின்றாள். ஒரு கால் வெளியே. அப்பா இருந்தபோது காற்றடித்தால் பத்ரா மூச்சு வாங்குவது மாதிரி எழும்பி எழும்பி விழும். இப்போது எழும்பவில்லை. ஒரே மாதிரி ரீங்காரம் போட்டது, பஸ் எஞ்சின் மாதிரி. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் சொட்டியது. வெல்டர் வாஷர் போடாமல் விட்டிருப்பான் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் அதன் அடியில் ஒரு பக்கெட்டை வைத்தேன். பாவ் வீட்டுப் பக்கம் ஏதோ கனமாக விழுந்தது. அவர் மனைவி கத்தினாள், பிறகு பாவ் அவளைத் திட்டுகிற சத்தம் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“விழுந்துச்சு பாரு” என்றாள் அம்மா. “சொன்னா கேட்டாத்தான.”

புழுதி உள்ளே வந்து முறத்தில் விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள். “அரிசி போச்சு” என்று சொல்லிக்கொண்டே வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு அங்கேயே கதவில் சாய்ந்து உட்கார்ந்து, கூரையைப் பார்த்தபடி, மறுபடி அரிசி பொறுக்க ஆரம்பித்தாள். உள்ளேதான் இருந்தாள்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் சுவரோர அடுக்கிலிருந்து ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். இருப்பதிலேயே பெரியது, ஒரு பக்கம் தட்டையானது. மோரியில் கொண்டுபோய்ப் போட்டாள். காலால் தள்ளி ஆடாமல் உட்கார வைத்தாள்.

“இதுவா இருக்குமாடீ?” என்றாள்.

“தெரியாதும்மா. இதுவா இல்லாமயும் இருக்கலாம்.”

“இதுவாவே இருக்கட்டும்” என்றாள்.

என் கம்பெனிச் சட்டையைப் பக்கெட்டிலிருந்து எடுத்து, சோப்பு நுரை வழிய வழிய, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் கல்லின் மேல் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். துவைக்கிற அடி இல்லை அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் வெளியே வந்த பிறகும், சந்து முனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.